பட்ஜெட்டுக்குள் ஒரு வளைந்த கேமிங் மானிட்டர்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் மேசை முன் உட்காருங்கள். விளையாடும்போது எப்படிச் சாய்வீர்களோ, எவ்வளவு குனிவீர்களோ, அப்படியே. கண்ணிலிருந்து மானிட்டர் நிற்கப்போகும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மேசையின் ஆழம், அகலம் இரண்டையும் எழுதுங்கள். கணினியில் என்ன கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, அடிக்கடி விளையாடுவது எந்த மூன்று கேம்கள் என்பதையும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் பட்ஜெட். இந்தத் தாள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாமல் தேட ஆரம்பித்தால் எல்லா மானிட்டரும் நல்ல மானிட்டராகத்தான் தெரியும்.

நான் தாள் எழுதாமல் வாங்கியவன். 32 அங்குலம், அழகான வளைவு, விலையும் கைக்கு அடக்கம். வீட்டில் மாட்டிய பிறகுதான் எழுத்துகளெல்லாம் மணல் மணலாக இருப்பதைக் கவனித்தேன். அவ்வளவு பெரிய திரையில் இருந்தது வெறும் 1920×1080 பிக்சல். வளைவைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், பிக்சலை எண்ண மறந்துவிட்டேன். பட்ஜெட் பிரிவில் வளைவு கூடவே வரும் ஒன்று. காசு போவது அதற்குப் பின்னால் இருக்கும் பேனலுக்கு, அதாவது படத்தைக் காட்டும் தகட்டுக்கு. அதனால் வளைவை முதலில் பேசி முடித்துவிட்டு, நிஜமாகப் பார்க்க வேண்டியவற்றுக்குப் போவோம்.

ஆர் என்றால் ஆரம்

1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆர் என்பது ரேடியஸ். தமிழில் ஆரம் என்றே படித்துக்கொள்ளலாம், முதலெழுத்துகூடப் பொருந்துகிறது. எண் மில்லிமீட்டரில் இருக்கிறது. 1500ஆர் திரையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போய் ஒரு முழு வட்டமாக்கினால் அந்த வட்டத்தின் ஆரம் 1500 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர். எண் குறையக் குறைய வளைவு கூடும். இங்கேதான் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: 1800 என்பது 1000-ஐ விடத் தட்டையானது.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒன்றரை மீட்டர் நூலின் ஒரு முனையைத் தரையில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி ஒரு வில் வரையுங்கள். அந்த வில்லில் 60 சென்டிமீட்டர் நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டால், 27 அங்குல 1500ஆர் மானிட்டர் மேலிருந்து பார்க்க எப்படி இருக்குமோ அதுதான் அது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு நீளமான ஸ்கேலை வைத்து நடுப் பள்ளத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அதே 27 அங்குலம் 1800ஆர் என்றால் இரண்டரை, 1000ஆர் என்றால் நாலரை. 24 அங்குல 1800ஆர் திரையில் மொத்தப் பள்ளமே 2 சென்டிமீட்டர்தான்.

இப்போது 34 அங்குல அல்ட்ராவைடுக்கு, அதாவது வழக்கமான 16:9 திரையை விட அகலமானதுக்கு, வாருங்கள். அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். 1500ஆர் என்றால் பள்ளம் 5 சென்டிமீட்டரைத் தாண்டும். 1000ஆர் என்றால் கிட்டத்தட்ட 8. இங்கே வளைவு உண்மையிலேயே வேலை செய்கிறது. 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தட்டையான 34 அங்குலத் திரையின் ஓரம் உங்கள் கண்ணுக்கு 72 சென்டிமீட்டரில் இருக்கும். அந்த ஓரத்தை ஏறக்குறைய 34 டிகிரி சாய்வில் பார்ப்பீர்கள். 1500ஆர் வளைத்தால் அந்தச் சாய்வு 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சாய்வாகப் பார்க்கும்போது வெளிறிப்போகும் பேனல்களுக்கு இது பெரிய உதவி. அது எந்தப் பேனல் என்பது அடுத்த பகுதியில்.

ஆகவே என் கணக்கு இது. 24 அங்குலத்தில் வளைவுக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகத் தர வேண்டாம். 27-இல் விலை சமமாக இருந்தால் பிடித்ததை எடுங்கள். 32-இல் நல்லது. அல்ட்ராவைடில் கட்டாயம் என்றே சொல்வேன். ஆரத்தைப் பொறுத்தவரை 1500 யாருக்கும் உறுத்தாது. 1000ஆர் சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்கு எக்ஸெல் கட்டங்கள் வளைந்து தெரிந்து எரிச்சலாகிறது. கோடு போட்டு வரைகிற வேலை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஆரத்துக்குள் உட்கார வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மேசை முன்னால் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, எல்லோரும் ஒரு மீட்டருக்குள்தான் இருப்போம். ஆனால் படுக்கையில் சாய்ந்து இரண்டரை மீட்டர் தள்ளி கன்ட்ரோலரோடு விளையாடுகிறவருக்கு, பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால், வளைவு தொந்தரவுதான். தட்டையானதை வாங்குங்கள்.

பழைய பெட்டி டிவிக்களின் கண்ணாடி நம்மை நோக்கிப் புடைத்திருக்கும். அதைத் தட்டையாக்கப் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு இப்போது உள்பக்கமாக வளைக்கிறார்கள். சினிமாக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்: 1952-இலேயே சினிராமா மூன்று புரொஜெக்டர்களை வைத்து ஆழமாக வளைந்த திரையில் படம் காட்டிவிட்டது.

பேனல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பட்ஜெட் பிரிவில் வளைந்த மானிட்டர் என்றால் பெரும்பாலும் விஏ என்ற எல்சிடி வகைப் பேனல். இன்னோர் எல்சிடி வகையான ஐபிஎஸ் பேனலில் வளைந்தவை குறைவு, பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் ஓஎல்இடி வேறு விலை உலகம். எனவே வளைந்ததைத் தேர்ந்தெடுப்பது நடைமுறையில் விஏ-வைத் தேர்ந்தெடுப்பதுதான். சாய்வாகப் பார்த்தால் வெளிறிப்போகும் என்று சொன்னேனே, அதுவும் இந்த விஏ-தான். அதன் குணம் தெரியாமல் வாங்கினால் பிறகு வருத்தப்பட நேரிடும்.

நல்ல குணத்தை முதலில் சொல்கிறேன். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் கதவு மாதிரி திறந்து மூடி ஒளியை விடுகின்றன, தடுக்கின்றன. விஏ-வில் கதவு நன்றாக மூடும். அதனால் கறுப்பு கறுப்பாக இருக்கும். சாதாரண ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 அளவில் இருக்க, விஏ-வில் 3000:1 சாதாரணமாகக் கிடைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு விண்வெளிக் கேமோ திகில் கேமோ விளையாடினால் இந்த வித்தியாசம் எண்ணாக இல்லாமல் கண்ணிலேயே தெரியும். ஐபிஎஸ்-இல் இருட்டு சாம்பல் பூசியது போலத் தெரிகிற இடத்தில் விஏ-வில் இருட்டு இருட்டாகவே இருக்கும்.

கெட்ட குணம்: கதவு மூடிய நிலையிலிருந்து கொஞ்சமாகத் திறக்க இது நேரம் எடுத்துக்கொள்ளும். கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதுதான் விஏ-வுக்கு மிகக் கடினமான வேலை. இருண்ட குகைக்குள் ஓடுகிறீர்கள், கேமராவைச் சட்டெனத் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு தூணின் நிழல் அதன் பழைய இடத்தில் ஒரு கணம் தங்கிவிட்டுப் பிறகு இழுபட்டுப் போகும். ஈர மையை விரலால் தேய்த்த மாதிரி இருக்கும். ஸ்மியரிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வெளிச்சமான காட்சிகளில் இது தெரியவே தெரியாது.

கையில் மானிட்டர் கிடைத்தால் இதைச் சோதிக்க கேமே வேண்டாம். டார்க் தீமில் ஏதாவது நீண்ட பக்கத்தைத் திறந்து வேகமாக உருட்டுங்கள். எழுத்துகளுக்குப் பின்னால் வால் மாதிரி ஊதா அல்லது சாம்பல் நிழல் இழுத்துக்கொண்டு வந்தால் அந்தப் பேனல் மெதுவானது. எல்லா விஏ-விலும் கொஞ்சமாவது இருக்கும். எவ்வளவு என்பதில்தான் விலை குறைந்ததும் நல்லதும் பிரிகின்றன. நேரில் பார்க்க முடியாதவர்கள், அந்தக் குறிப்பிட்ட மாடலை கருவி வைத்து அளந்த விமர்சனத்தைத் தேடுங்கள். அதில் சராசரி எண்ணை விட்டுவிட்டு, அட்டவணையில் கறுப்பிலிருந்து தொடங்கும் வரிசையை மட்டும் பாருங்கள். 144 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 144 முறை மாறும்போது, ஒரு ஃபிரேம் (ஒரு படம்) 7 மில்லிசெகண்ட்தான் நிற்கிறது. அந்த வரிசையில் 25, 30 என்று எண்கள் இருந்தால் மூன்று நான்கு ஃபிரேம்களுக்கு நிழல் தங்கும் என்று அர்த்தம்.

பெட்டியில் 1 எம்எஸ் (மில்லிசெகண்ட்) என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த 1-க்கு இரண்டு வகை உண்டு. ஜிடிஜி என்று இருந்தால் ஒரு சாம்பல் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். பெரும்பாலும் இருப்பதிலேயே வேகமான ஒரு மாற்றத்தை, படிகங்களை வேகமாகத் திருப்பத் தள்ளும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்தது. எம்பிஆர்டி என்று இருந்தால் அது பேனலின் வேகமே கிடையாது. பின்விளக்கை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் அணைத்து அணைத்துப் போட்டு மங்கலைக் குறைக்கும் தந்திரம். அதை ஆன் செய்தால் திரை வெளிச்சம் குறையும், பல மானிட்டர்களில் ஃப்ரீசிங்க் (கீழே சொல்கிறேன்) வேலை செய்யாது. நான் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தவன் மறுபடி தொடவில்லை.

ஓவர்டிரைவ் பற்றி ஒரு வரி. மெனுவில் ஆஃப், நார்மல், ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரீம் என்று ஏதோ பெயர்களில் இருக்கும். கடைசிப் படியில் வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் கறுப்பு வாலுக்குப் பதிலாக வெள்ளை வால் முளைக்கும். நடுப்படியில் வையுங்கள், போதும்.

சரி, யாருக்கு விஏ சரிப்படாது? நொடிக்கு நொடி குறிபார்த்துச் சுடும் போட்டிக் கேம்களையே முழுநேரமாக விளையாடுபவருக்கு. அவர் அதே காசில் தட்டையான ஐபிஎஸ் ஒன்றை வாங்கினால் வேகமானதாகக் கிடைக்கும். கார் ரேஸ், விமானம் ஓட்டுவது, திறந்த உலகில் சுற்றுவது, கதைக் கேம்கள், வியூகக் கேம்கள் என்று போகிறவர்களுக்கு வளைந்த விஏ பொருத்தமானதுதான். ரேஸ் கேமில் இரண்டு பக்கமும் சாலை உங்களைச் சுற்றி வருவது போல இருப்பதற்கு ஈடாக அந்தச் சின்ன நிழலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிக்சலை எண்ணுங்கள், கார்டைக் கேளுங்கள்

1920×1080, அதாவது முழு எச்டி, சுமார் 20.7 லட்சம் பிக்சல். 2560×1440 என்பது 36.9 லட்சம். அல்ட்ராவைட் 3440×1440 என்பது 49.5 லட்சம். 4கே 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை புள்ளிகளை வரைய வேண்டியது உங்கள் கார்டு. முழு எச்டியில் நொடிக்கு 100 ஃபிரேம் திணறித் திணறித் தரும் கார்டிடம் அல்ட்ராவைடைக் கொடுத்தால் அதன் சுமை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. ஃபிரேம்கள் அதே விகிதத்தில் குறையும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் பாதியை நோக்கி இறங்கும் என்று எதிர்பார்த்து வாங்குவது பாதுகாப்பு. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கித் தருவதால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதையே நம்பி வாங்காதீர்கள்.

அடுத்தது அடர்த்தி. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதுதான் எழுத்தின் கூர்மை. 24 அங்குலத்தில் முழு எச்டி என்றால் 92. 27-இல் அதே முழு எச்டி 82-க்கு இறங்கும், பக்கத்தில் உட்கார்ந்தால் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். 32-இல் 69. என் முதல் மானிட்டரின் மணல் எழுத்துக்குக் காரணம் இதுதான். 1440 என்றால் 27-இல் 109, 32-இல் 92, அல்ட்ராவைட் 34-இல் 110. ஆக 32 அங்குல 1440 திரையும் 24 அங்குல முழு எச்டி திரையும் கூர்மையில் ஒன்றே, பெரிதாக இருப்பதுதான் வித்தியாசம். 34 அங்குலத்தில் 2560×1080 என்று ஒரு வகை மலிவாக வரும். அதன் அடர்த்தியும் 27 அங்குல முழு எச்டியைப் போல 82 அளவில்தான். கேமுக்குப் பரவாயில்லை, நாள் முழுக்க எழுத்து படிக்கிறவர் தவிர்க்கலாம்.

நடுத்தரக் கார்டு, மேசை ஆழம் 60 முதல் 70 சென்டிமீட்டர், கலவையான விளையாட்டு. இப்படி ஒருவர் வந்து கேட்டால் நான் 27 அங்குலம் 2560×1440 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கார்டு பழையது, இப்போதைக்கு மாற்றும் எண்ணமில்லை என்றால் 24 அங்குல முழு எச்டி. அப்போது வளைவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தட்டையாக இருந்தாலும் குறையில்லை.

அல்ட்ராவைட் ஆசை உள்ளவர்கள் தாளில் எழுதிய மூன்று கேம்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எல்டன் ரிங் பிசியில் 16:9-க்கு மேல் விரியாது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். ஃபிரேமும் நொடிக்கு 60-ஐத் தாண்டாது. வேலரன்ட்டிலும் அகலத் திரைக்குக் கூடுதல் காட்சி கிடையாது. உங்கள் மூன்றில் இரண்டு இப்படி இருந்தால், திரையின் கால்பங்கைச் சும்மா வைத்திருக்கப் பணம் கட்டுகிறீர்கள்.

ஹெர்ட்ஸ் எவ்வளவு போதும்

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது. 144-இல் 6.9. இந்தக் குதிப்பைச் சுட்டியை நகர்த்தியவுடனேயே உணரலாம். 144-இலிருந்து 165-க்குப் போனால் மிச்சமாவது 0.9 மில்லிசெகண்ட். 240-க்குப் போனால் 2.8. ஆகவே 144-க்கும் 165-க்கும் இடையில் விலை வித்தியாசம் இருந்தால் அந்தக் காசை நல்ல ஸ்டாண்டுக்கோ நல்ல பேனலுக்கோ கொடுங்கள். மெதுவான விஏ பேனலில் 240 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். படம் 4.2 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மாறுகிறது, படிகமோ அதற்குள் பாதி தூரம்கூடத் திரும்பியிருக்காது.

ஃப்ரீசிங்க், ஜிசிங்க்

கார்டு ஒரே வேகத்தில் ஃபிரேம் தருவதில்லை. இந்த நொடி 90, அடுத்த நொடி 70. மானிட்டர் தன் போக்கில் 144 முறை மாறிக்கொண்டிருந்தால் படம் குறுக்கே கிழிந்து தெரியும். மானிட்டரையே கார்டின் வேகத்துக்கு இறங்கி வரச் சொல்வதுதான் இந்தத் தொழில்நுட்பம். ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்கிறது, என்விடியா ஜிசிங்க் என்கிறது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளை அடாப்டிவ் சிங்க் (ஃப்ரீசிங்க்குக்கு அடிப்படையான பொதுத் தரம்) மானிட்டர்களோடு ஓடவிட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் ஓடும். எனவே என்விடியா கார்டு வைத்திருப்பவர் தனி ஜிசிங்க் மானிட்டருக்குக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைப்பது மட்டும் முக்கியம்.

பார்க்க வேண்டியது எல்லை. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நல்லது. மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருந்தால், ஃபிரேம் 48-க்குக் கீழே போகும்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும். 48 முதல் 75 என்றால் அந்த வசதி இல்லை.

விஏ-வில் இன்னொரு வியாதி: ஃபிரேம் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும்போது, முக்கியமாக லோடிங் திரையிலும் மெனுவிலும், வெளிச்சம் மினுக் மினுக் என்று துடிக்கும். பழுது என்று நினைத்துப் பலர் திருப்பி அனுப்புகிறார்கள். கேமில் ஃபிரேமுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் கார்டு நிலையாக 90 தருமென்றால் 90-இல் பூட்டிவிடுங்கள்.

கன்சோல் வைத்திருந்தால்

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுமே அல்ட்ராவைடை ஆதரிப்பதில்லை, டிஸ்ப்ளேபோர்ட்டும் அவற்றில் இல்லை. 16:9 திரையாகப் பாருங்கள். 2560×1440 இரண்டிலும் வரும். பிளேஸ்டேஷன் 5-க்கு அது 2022 செப்டம்பரில்தான் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஃப்ரீசிங்க்கை ஏற்கும். பிளேஸ்டேஷனுக்கு எச்டிஎம்ஐ 2.1 வழியான விஆர்ஆர் (ஃப்ரீசிங்க் செய்யும் அதே வேலைக்கான எச்டிஎம்ஐ வசதி) வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 2.0 மானிட்டரில் வெறும் ஃப்ரீசிங்க் என்று எழுதியிருந்தால் அதனால் பிளேஸ்டேஷனுக்குப் பயனில்லை.

பிசிக்காரர்களுக்கும் போர்ட் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. எச்டிஎம்ஐ 2.0 வழியாக 2560×1440 என்றால் 144 ஹெர்ட்ஸ் வரை, 3440×1440 என்றால் 100 ஹெர்ட்ஸ் வரைதான் வழக்கமாகக் கிடைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் உச்ச ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கானது. மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எச்டிஆர்

மிகப் பிரகாசமானதையும் மிக இருட்டானதையும் ஒரே காட்சியில் காட்டும் வசதி இது. பட்ஜெட் மானிட்டரில் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எச்டிஆர்10 ஆதரவு என்றால் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும் பொருள். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 முத்திரை 400 நிட்ஸ் (வெளிச்ச அளவு) உச்ச வெளிச்சம் கேட்கிறது, திரையின் ஒரு பகுதியை மட்டும் இருட்டாக்கும் வசதி கட்டாயமில்லை. அதற்காகக் காசு ஏற்ற வேண்டாம்.

ஸ்டாண்டும் மேசையும்

தாளில் எழுதிய மேசை ஆழம் இங்கே வேலைக்கு வரும். வளைந்த மானிட்டர்களின் கால்கள் பெரும்பாலும் வி வடிவில் முன்னும் பின்னும் நீண்டிருக்கும். திரையும் முன்னால் வளைந்து வருவதால் மொத்த ஆழம் 20, 25 சென்டிமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். விவரப் பட்டியலில் ஸ்டாண்டோடு சேர்த்த ஆழம் என்ற வரியைத் தேடுங்கள். 50 சென்டிமீட்டர் மேசையில் அதை வைத்தால் கீபோர்டு மடியில்தான்.

விலை குறைந்தவற்றில் ஸ்டாண்ட் முன்பின் சாயும், அவ்வளவுதான். உயரம் ஏற்ற முடியாது. திரையின் மேல் விளிம்பு உங்கள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்து பதில் சொல்லும். அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கலாம், நான் இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பின்னால் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் வெசா துளைகள் (தாங்கிகளைத் திருகும் பொது அளவுத் துளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பிற்பாடு மானிட்டரைத் தாங்கும் ஒரு ஆர்ம் வாங்கி மாட்டலாம், மேசையும் காலியாகும். வளைந்த திரையின் எடை முன்னால் தள்ளி இருக்கும் என்பதால் ஆர்ம் தாங்கும் எடையைக் கொஞ்சம் தாராளமாகவே கணக்கிடுங்கள்.

உள்ளே இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பழையதை வாங்குவது

பட்ஜெட் இறுகினால் இதுவும் நல்ல வழிதான். எல்சிடி பேனலில் ஓஎல்இடி மாதிரி ஒரே படம் பதிந்துபோகும் நிரந்தரத் தழும்பு பற்றிய பயம் குறைவு. நேரில் போய், மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, முழுக் கறுப்பு, முழு வெள்ளை இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையில் மூலைகள் மஞ்சளாக இருக்கிறதா, நடுவில் நிழல்திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பேனலை யாராவது ஓரத்தைப் பிடித்து அழுத்தித் தூக்கியிருந்தால் மூலையில் வெளிச்சக் கசிவாக அது காட்டிக்கொடுக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக் கைபேசிக் கேமராவால் திரையைப் பாருங்கள். குறுக்கே பட்டைகள் ஓடினால் பின்விளக்கு துடித்துத் துடித்து மங்கலாக்கும் வகையாக இருக்கலாம். நீண்ட நேரம் பார்த்தால் சிலருக்குத் தலைவலி வரும்.

பெட்டி வந்த நாள்

அவசரப்பட்டுத் திரையை வெளியே இழுக்காதீர்கள். தட்டையான மானிட்டரை மேசையில் கவிழ்த்து ஸ்டாண்ட் மாட்டுவது போல இதைக் கவிழ்த்தால் இரண்டு ஓரங்கள் மட்டும் மேசையில் பட்டு மொத்த எடையும் அங்கே இறங்கும். திரை தெர்மாக்கோலில் படுத்திருக்கும்போதே ஸ்டாண்டை மாட்டிவிட்டு, பின்பக்கத்தையும் ஸ்டாண்டையும் பிடித்துத் தூக்குங்கள். கண்ணாடிப் பக்கம் விரல் போகக் கூடாது.

இணைத்ததும் முதல் வேலை, விண்டோஸில் செட்டிங்ஸ் போய், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று திறந்து ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று பார்ப்பது. அது தானாகவே 60-இல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். என் நண்பர் ஒருவர் நான்கு மாதம் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-இல் ஓட்டிக்கொண்டு, ஆகா என்ன வழுக்கு என்று எங்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மாற்றிக் கொடுத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஃப்ரீசிங்க் அணைந்திருக்கலாம், அதையும் போட்டுவிடுங்கள்.

பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகத் திரையை நிரப்பி ஒரு சாண் தூரத்திலிருந்து பாருங்கள். கறுப்பில் எரியும் புள்ளி, வெள்ளையில் அணைந்த புள்ளி இருந்தால் படமெடுத்து வையுங்கள். ஒரே ஒரு புள்ளிக்காக மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஐஎஸ்ஓ 9241-307 தரத்தில் பேனல்களுக்கு வகுப்புகள் உண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை புள்ளிப் பழுதை அது அனுமதிக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பிக்சல் கொள்கை என்ன என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது. எந்தக் காரணமும் சொல்லாமல் திருப்பி அனுப்பும் வசதி சில நாட்களுக்கு இருந்தால் அதுதான் உண்மையான காப்பு.

இருட்டு அறையில் கறுப்புத் திரையைப் பாருங்கள். மூலையில் லேசாக வெளிச்சம் கசிவது எல்லாவற்றிலும் உண்டு. விளையாடும்போது கண்ணை இழுத்தால் மட்டும் பழுதாகக் கணக்கிடுங்கள். வெளிச்சத்தை உச்சத்திலிருந்து குறைத்து, ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் ஜன்னல் இருந்தால் தட்டையான திரையில் அதன் பிரதிபலிப்பு ஓரிடத்தில் நிற்கும், வளைந்ததில் அகலமாக நீண்டு பட்டையாக விழும். மேசையைக் கொஞ்சம் திருப்பினாலே போய்விடும்.

முதல் இரண்டு மூன்று நாள் டாஸ்க்பார் வளைந்து தெரியும். ஒரு வாரத்தில் அது மறந்துபோய், அலுவலகத்துத் தட்டையான திரைதான் நடுவில் புடைத்திருப்பது போலத் தோன்ற ஆரம்பிக்கும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அந்தத் தெர்மாக்கோலையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். வளைந்த திரை வேறு எந்தப் பெட்டிக்குள்ளும் ஒழுங்காக அடங்காது.